பத்துப் பேர் எழுந்து நிற்க வேண்டும்

ஷாமளா பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது ரெங்கம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். காலையில் பள்ளி வேன் ஓட்டிப் பிழைப்பவள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும், பள்ளி இருந்தால் அந்த வேனை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, சேவைச் சங்கத்தின் வெள்ளை வேனில் சிறுநீரக நோயாளிகளை ஏற்றிக்கொண்டு சிகிச்சைக்காகக் குளுவாங் நகருக்குப் போவாள். நாலு மணி நேரம் டயாலிசிஸ் முடியும்வரை வெளியே காத்திருந்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவாள். கூலி கிடையாது. கேட்டால், "வேன்தானே ஓடுது, நானா ஓடுறேன்?" என்பாள்.

ஆறு வருடத்துக்கு முன், வண்டி கிடைக்காமல் அவள் கணவர் தங்கராஜு அடுத்தடுத்து இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகவில்லை. மூன்றாவது தடவைக்கு ஆளே இல்லை. அப்போது அவளுக்கு வேன் ஓட்டத் தெரியாது. காரியம் முடிந்த மறுவாரமே லைசென்சுக்குப் படிக்கப் போய்விட்டாள்.

இப்போது அந்த வெள்ளை வேனுக்கே கேடு வந்தது. பாசிர் கூடாங், சிங்கப்பூர் என்று ஆள்கள் வேலைக்குப் போய்விட, சங்கத்தில் ஷாமளாவோடு சேர்த்து மிஞ்சியது ஏழே பேர். ஆண்டுதோறும் பத்து பாகாட் நகரில் நடக்கும் வட்டார விருந்தில் ஒவ்வொரு சங்கமாகப் பெயர் கூப்பிடுவார்கள். உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். பத்துப் பேர் நிற்காத சங்கத்தை அந்த நகரின் பெரிய சங்கத்தோடு சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் வேனும் பத்து பாகாட்டுக்குப் போய்விடும்.

"யாருக்காவது நம்ம சங்கச் சட்டையப் போட்டு உக்கார வைங்கலா அக்கா. யாரு பாக்கப் போறா?" என்றாள் செயலாளர் பிரவீனா.

ஷாமளாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொய் சொல்லிக் காப்பாத்துன வேன்ல நான் எந்த முகத்தோட அவங்கள ஏத்துவேன்?"

வியாழக்கிழமை உறுப்பினர் விண்ணப்பப் பாரங்களோடு வேனில் ஏறினாள். நோயாளிகள் மூவரும் உட்கார்ந்ததும் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "நீங்க மூணு பேரும் சேந்தா பத்து ஆயிடும். ஆனா மூணு வாரம் கழிச்சு வர்ற விருந்து சனிக்கிழமை. டயாலிசிஸ் முடிஞ்சு ஊசி எடுத்த கையோட அவ்வளவு தூரம் வரணும். கேக்கவே எனக்குச் சங்கடமா இருக்கு."

"எங்க வேனும்மா. நாங்க வராம யாரு வருவா?" என்றார் காளியப்பன். அதற்குள் செல்வராணி கையெழுத்தே போட்டுவிட்டாள். சாதிக் பாட்சா பேனாவுக்குக் கை நீட்டினார்.

பந்திக்கு முந்து என்பார்கள். இந்த மூவரும் அந்தச் சனிக்கிழமை பந்திக்கு முந்தி வந்து பட்டினியாக உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறு வந்தது, ஆட்டுக்கறி வந்தது, இறால் சம்பால் வந்தது. உப்பு ஆகாது, தக்காளி ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான். நல்ல சாப்பாட்டை இப்படி வேடிக்கை பார்க்க அவர்களுக்கென்ன தலைவிதி? ஷாமளாவுக்கும் சோறு இறங்கவில்லை.

பெரிய சங்கத்தின் தலைவர் மதிவாணன் மேசையருகே வந்து குனிந்தார். "என்ன ஷாமளா, இவங்க நம்ம உதவி வாங்குற நோயாளிங்க. இவங்க எப்படி மெம்பர்?"

"பாரம் குடுத்து மூணு வாரம் ஆச்சு சார். வட்டாரமும் ஏத்துக்கிச்சு. பதினெட்டு வயசு, நல்ல நடத்தை, அவ்வளவுதான் ரூல்ஸ்ல போட்டிருக்கு. கிட்னி வேலை செய்யணும்னு எங்கயும் போடல."

மனுஷன் தன் மேசைக்குப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் வட்டாரத் தலைவர் ஜெயபாலன் மேடையிலிருந்து ரெங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார். ஷாமளாவும் பழைய உறுப்பினர்கள் ஆறு பேரும் எழுந்தார்கள். செல்வராணி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாதிக் பாட்சாவும் நின்றுவிட்டார். காளியப்பன் மட்டும் பாதி எழுந்து, கால் இழுத்துப் பிடிக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்பது.

"பரவால்லங்க ஐயா. உக்காந்தபடியே கை தூக்குங்க, சேத்துக்கிறேன்" என்றார் ஜெயபாலன்.

"வேணாங்க. எல்லாரும் நிக்கிறாங்க. நானும் நிக்கிறேன்."

இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். ஷாமளா தாங்கப் போனதற்குத் தலையை ஆட்டி மறுத்தார். தம் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றார். ஜெயபாலன் ஒலிபெருக்கியிலேயே ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். காளியப்பன் சாய்ந்து நின்றதில் மேசையில் இருந்த தட்டுகள் கடகடவென்று ஆடின.

"பத்து" என்று கேட்டதும் ஷாமளாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

காளியப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "எண்ணி முடிச்சிட்டாராம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முடிச்சிட்டாருங்க ஐயா."

அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.