மண்டகப்படி போட்டு எடுத்த இரண்டு நிமிடப் படம்

"சின்ன ஊரில் இருந்துகொண்டு அனிமேஷன் செய்கிறேன், காசுக்கு எங்கே போவது?" என்று மாதம் ஒருவராவது எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். ராஜபாளையம் பக்கம் போய்ப் பாருங்கள் என்றால் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைக்கிறீர்கள். கிண்டலே இல்லை. 1992 ஆடியில் நான் அப்படித்தான் போனேன், போன காரியத்தை முடித்துக்கொண்டுதான் திரும்பினேன்.

அப்போது மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். இரண்டு வருடம் உட்கார்ந்து, ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் படங்கள் வரைந்து, இரண்டு நிமிடப் படம் ஒன்று செய்திருந்தேன். பஞ்சு வெடித்துப் பறந்து மேகமாகும். மேகம் மழையாகும். மழையில் நெல் விளையும், வைக்கோலை மாடு தின்னும், கடைசியில் பால் பொங்கும். அவ்வளவுதான் கதை. மெட்ராஸில் வாடகைக் கேமராவில் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தும் ஆயிற்று. ஆனால் ஃபிலிமைக் கழுவ லேப்பில் நாலாயிரம் ரூபாய் கேட்டார்கள். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் டப்பாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வேறு சொல்லிவிட்டார்கள். கலைக்கு உதவுகிற ஓர் அலுவலகத்துக்கு எழுதினால், "தங்கள் படைப்பு எங்கள் எந்தப் பிரிவிலும் சேராது" என்று ஒற்றை வரியில் பதில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இரண்டு வருட உழைப்பு ஒரு தகர டப்பாவுக்குள் வீணாகப் போவதாவது! பஞ்சும் பாலும் வைத்துப் பிழைக்கிறவர்களிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

மதுரையில் காலை ஐந்தரை பஸ். ராஜபாளையத்துக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், அன்றைக்கு டிக்கெட் ஒன்பது ரூபாய். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மலை கூடவே வரும்.

முதலில் பார்த்தது சுப்பராஜா என்ற சின்ன நூல் மில் முதலாளியை. வரைந்த காகிதங்களை அடுக்கிக் கட்டைவிரலால் விசிறிக் காட்டினேன். காய் வெடித்துப் பஞ்சு பறந்தது. மனிதர் மூன்று தடவை விசிறச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மொத்தத்தையும் நான் ஒருத்தனே தரணுமாக்கும்? யோசிச்சுச் சொல்லுதேன், போயிட்டு வாங்க."

இந்த ஊர்களில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும்.

அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஸ்ரீவில்லிபுத்தூர். தேரோட்டம் முடிந்து தெருவெல்லாம் மிதிபட்ட பூ. பால்கோவா கடை நடத்தும் கோதை அக்கா அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டார். பால் பொங்குகிற படங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏட்டி, முழுசாத் தாங்கன்னா எவன் தருவான்? சாமிக்கே ஒருத்தன் செய்யலையே! நாளுக்கொரு மண்டகப்படின்னு ஆளாளுக்கு ஏத்துக்கிடுதோம்ல? பங்கு போட்டுக் கேளு. பால் எங்களுது."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை! திருவிழாவில் ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பமோ ஒரு சமூகமோ ஏற்கும், அந்த நாள் அவர்கள் பெயரில் நடக்கும். மறுநாளே கான்சாபுரத்து நெல் வியாபாரி ஒருவர் நெல்லையும் மாட்டையும் ஏற்றுக்கொண்டார். பஞ்சு மட்டும் என்றதும் சுப்பராஜாவும் சரி என்றார். மழைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அது என் மண்டகப்படி என்று சொல்லி என் தோட்டை அடகு வைத்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? மண்டகப்படி என்றால் வரிசை உண்டே. அதை மறந்துபோனேன். யாருடையது எந்த வரிசையில் வரும் என்று கோதை அக்கா கேட்க, பஞ்சு முதலில், பால் கடைசியில் என்று வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தேன்.

"கடைசியா? பந்தி முடிஞ்ச பொறவு எங்களுக்கு இலை போடுதியோ? முன்னாடி வை. இல்லன்னா வேண்டாம்."

சுப்பராஜாவுக்குப் போன் போட்டேன். "பாலுக்குப் பின்னாடி எம் பஞ்சு வரணுமா? அவியளையே முழுசாப் போடச் சொல்லுங்க. நான் விலகிக்கிடுதேன்."

மாதம் முடிய ஐந்து நாள். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், மறைப்பானேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே கோதை அக்கா கடைக்கே போனேன். விட்டுவிட்டுப் போகிற எண்ணம் மட்டும் எனக்கு வரவே இல்லை. பெரிய சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. நுரை ஓரமாக ஒதுங்கி, வெள்ளையாகத் திரண்டு, செத்த நேரம் அப்படியே நின்றது. அப்படியே வெடித்த பருத்திக்காய்!

அடுப்புக்குப் பக்கத்திலேயே பலகையைப் போட்டு இரண்டு பகல் வரைந்தேன். பால் நுரை பஞ்சாகிறது, பஞ்சு பறக்கிறது. படத்தின் வாலைத் தலையோடு ஒட்டிவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. இருவரிடமும் போய், "யாரையும் முன்னால் வைக்க மாட்டேன், பின்னாலும் வைக்க மாட்டேன், இது என் வாக்கு" என்றேன்.

கோதை அக்கா சிரித்துவிட்டார். "கெட்டிக்காரிதான் நீ."

சுப்பராஜா மட்டும் விடவில்லை. "பேர் போடுவீங்கள்ல? அதுல யாரு முதல்ல?"

"வட்டப் பலகையில எழுதி, நடுவுல ஆணி அடிச்சுச் சுத்த விடுறேன்யா."

பணம் வந்தது. மாதக் கடைசிக்கு முந்தின நாள் லேப்பில் கட்டினேன். புதிதாக வரைந்ததையும் படம் பிடித்துச் சேர்த்தேன்.

ஆவணியில் ராஜபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் திரையிட்டோம். வாலும் தலையும் ஒட்டிய எழுபத்தைந்து அடி ஃபிலிம், சுற்றி வர வழி வேண்டுமே! சுப்பராஜாவின் மில் ஃபிட்டர் நூல் சுற்றுகிற காலி பாபின்களைச் சுவரோரமாக வரிசையாக மாட்டி, அவற்றின் மேல் ஃபிலிமை ஓட விட்டார். சுப்பராஜா தாமதமாக வந்தார். அவர் நுழைந்தபோது திரையில் பால். முகம் சுருங்கியது. நுரை திரண்டு பஞ்சாகிப் பறந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு சுற்று எழுந்திருக்கவே இல்லை.

"இது எங்கம்மா ஆரம்பிக்குது?"

"நீங்க உள்ள வந்தீகள்ல, அங்கதான்யா."

சரி, கிளம்புகிறவர்களுக்கு. கடிதம் எழுதாதீர்கள், நேரில் போங்கள். மில்லுக்குக் காலையில், கடைக்கு மதியம் கூட்டம் குறைந்ததும். வேலையைக் கையில் கொண்டுபோய் அங்கேயே அசைத்துக் காட்டுங்கள். மொத்தமாகக் கேட்காதீர்கள். அவர்கள் போடும் நிபந்தனைக்கு உடனே கோபித்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். என் படத்துக்கு இல்லாமல் இருந்த ஒன்றை அந்த வீம்புதான் கொடுத்தது.

மறு வருடம் பெரிய திரைப்பட விழா ஒன்றிலிருந்து அந்தப் படத்தைக் கேட்டார்கள். பரிசுப் பணம் இருந்தது, என் தோடு இன்னும் அடகில் இருந்தது. ஆனால் போட்டி விதிப்படி படத்துக்கு ஆரம்பமும் முடிவும் வேண்டுமாம், ஓர் இடத்தில் வெட்டி அனுப்பச் சொன்னார்கள். எங்கே கத்தரியை வைத்தாலும் யாரோ ஒருவர் கடைசியாகிவிடுவார். முடியாது என்று எழுதிப் போட்டேன்.