இடது கை தூக்கிய பிள்ளைகள்

அந்தத் தேர்வாளர் அம்மா எனக்கு எதற்காக மதிப்பெண் போட்டார்? நான் நடத்திய பாடத்துக்கா, என் வயிற்றில் இருந்த ஏழு மாதக் குழந்தைக்கா? ஐந்து வருடங்களாக யோசிக்கிறேன், பதில் கிடைக்கவில்லை.

2006இல் கடலூரில் பி.எட். சேர்ந்தேன். பாதியில் கணவருக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. நானும் அங்கே ஒரு கல்லூரிக்கு மாறினேன். குழந்தை பிறந்தபின் படிப்பு வேண்டாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது, நானும் தலையாட்டியிருந்தேன். ஆகவே செய்முறைத் தேர்வில் தவறினால் என் ஆசிரியர் கனவு அத்தோடு சரி.

தேர்வு என்பது ஒரு பள்ளியில் நிஜமாக வகுப்பு எடுப்பது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பார். எனக்கு ஏழாம் வகுப்பு, பின்னங்களை வகுத்தல். முந்தின நாள், உடன் படித்த பெண் ஒருத்தி வழி சொன்னாள்.

"அக்கா, புள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிடுங்க. பதில் தெரிஞ்சா ரைட் கை, தெரியலன்னா லெப்ட் கை. மொத்த கிளாசும் கை தூக்கும். நீங்க ரைட் கையா பாத்து எழுப்பி விடுங்க."

"தப்பில்லையா?"

"ரொம்பத்தான் பயப்படுறீங்க. இங்க எல்லாரும் இதான் பண்றோம்."

சொல்லி வைத்தேன். மறுநாள் முதல் கேள்விக்கே வகுப்பு முழுவதும் கை தூக்கியது. தேர்வாளர் முகத்தில் திருப்தி. படபடப்பில் ஒன்றை மறந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் வலது கை என் இடப்பக்கம் அல்லவா இருக்கும்? என் வலப்பக்கமாக உயர்ந்த ஒரு கையைப் பார்த்து, அந்தச் சிறுமியை எழுப்பினேன்.

"தெரியல மிஸ்."

"அப்புறம் எதுக்கும்மா கை தூக்குன?" பின்னாலிருந்து தேர்வாளர் கேட்டார்.

"மிஸ்தான் சொன்னாங்க. தெரியலன்னா லெப்ட் கை."

வகுப்பு சிரித்தது. தேர்வாளர் எழுந்து முன்னால் வந்தார்.

"எல்லாரும் கைய எறக்குங்க. நெசமா தெரியாதவங்க மட்டும் தூக்குங்க. எந்தக் கையா இருந்தாலும் சரி."

முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன.

"இன்னும் இருவது நிமிஷம் இருக்கு. இவங்களுக்கு நடத்துங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அரையைக் காலால் வகுத்தால் இரண்டு என்று கரும்பலகையில் போட்டேன். அந்தச் சிறுமி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அரைய காலால வகுத்தா ரெண்டுன்றீங்க. வகுத்தா கொறையணும்ல மிஸ்?"

தலைகீழாக்கிப் பெருக்கு என்பதற்கு மேல் எனக்கே எதுவும் தெரியாது. சுவரில் மாட்டியிருந்த சார்ட்டை எடுத்தேன். தேர்வுக்காக நான் பூ வரைந்து அலங்கரித்த சார்ட். அதைச் சரிபாதியாகக் கிழித்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினேன்.

"இது அரை சார்ட். இதுல எத்தன கால் சார்ட் இருக்கு?"

அவள் மடித்தாள். விரல்கள் அப்படியே நின்றன. "ரெண்டு... ஒரு அரைக்குள்ள ரெண்டு கால் இருக்கா? அதத்தான் கேக்குதா மிஸ் இந்தக் கணக்கு?"

அவள் கண்கள் விரிந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருடம் கணக்கு படித்த எனக்கும் அந்த நிமிடம்தான் புரிந்தது. காகிதத்தை அவள் இன்னொரு முறை மடித்தாள். இப்போது ஒரு மடிப்பு, முழு சார்ட்டில் எட்டில் ஒரு பங்கு. "அப்ப அரைக்காலால வகுத்தா நாலு!" நான் அதைச் சொல்லித்தரவே இல்லை. ஒரு மனித மூளைக்குள் ஒன்று பிறப்பதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

தேர்ச்சி பெற்றேன். இப்போது சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அன்று வயிற்றில் இருந்தவளுக்கு ஐந்து வயது. இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறாள். வீட்டில் நான் எதைச் சொல்லிக்கொடுத்தாலும், சொல்லி முடிக்கும் முன்பே "புரிஞ்சிதும்மா" என்கிறாள். புரியவில்லை என்று எனக்குத் தெரிகிறது. பயமா, என்னைச் சந்தோஷப்படுத்தவா? அதட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன், சும்மாவும் இருந்து பார்த்தேன். 'தெரியலம்மா' என்று சொல்ல ஒரு குழந்தையை எப்படிப் பழக்குவது? பிள்ளைகளை வளர்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.