கேட்டில் சொன்ன பெயர்

என் கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் இருபது வருடம் செக்யூரிட்டியாக இருந்தார். இப்போது எங்கள் வீட்டு கேட்டில் நிற்கிறார். அல்சைமர் வந்து எல்லாம் மறந்துபோனது, அந்த வேலை மட்டும் மறக்கவில்லை. நான் காய்கறி வாங்கி வந்தாலும் பையைத் திறந்து காட்டினால்தான் உள்ளே விடுவார். முதலில் சிரித்தேன். அப்புறம் எரிச்சல்தான் வந்தது.

பெப்டைட் என்று ஏதோ ஒரு ஊசி போட்டால் மூளையில் புதிதாக செல் வளருமாம் என்று மகன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். அதை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. மூளை முழுக்க வேண்டாம், என் முகம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் வளர்ந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே பக்கத்து போர்ஷன் பெண்ணிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயிலேறி, அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் என்னை ஏமாற்றவில்லை. "அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதாம்மா இருக்கு. எலிக்குப் போட்டுப் பாக்கறாங்க. இவருக்குக் குடுக்கற மாதிரி எதுவும் வரலை."

"வந்துட்டா என்னை அடையாளம் தெரியுமா சார்?"

பேனாவை மூடி வைத்தார். "புதுசா செல் வளந்தாலும், பழைய ஞாபகம் அதோட திரும்பி வரும்னு சொல்ல முடியாதும்மா."

நானும் அதே கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவியவள்தான். புதிதாகச் சேர்ந்த கான்ட்ராக்ட் பையன்களுக்கு நான் யாரென்று தெரியாது. புதிதாக வளரும் செல்லும் அப்படித்தான் என்று புரிந்தது. யார் பார்த்தால் எனக்கென்ன என்று ரயிலில் அழுதேன்.

வீட்டுக்கு வந்தால், கேட்டில் விறைப்பாக நிற்கிறார்.

"யாரப் பாக்கணும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவேன். அன்று பசி, வெயில், ஆத்திரம். அவர் முகத்துக்கு நேராக அந்தப் பெயரை முழுதாகச் சொன்னேன்.

கேட்டதும் அவர் முகம் இளகியது. என்னைத் தெரிந்துவிட்டதோ என்று இன்னும் கிட்டே போனேன்.

"அவரா? நல்ல மனுசன்" என்றார். "ட்யூட்டி முடிஞ்சி பூட்டாரும்மா. இனிமே வரமாட்டாரு. நீங்க வூட்டுக்குப் போங்க."