சாவிக்கொத்து வருது

பெற்றவர்கள் அவளுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அது கல்யாணப் பத்திரிகையோடு சரி. தெருவுக்கு அவள் ஊசி. திரைச்சீலை தைப்பவள், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதும், பெயருக்கும் தையலுக்கும் சம்பந்தமில்லை என்பது விளங்கிவிடும்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. அவள் தைத்த சன்னல் திரைக்கு முன்னால் வெயிலே தயங்கி நின்று, அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரும். பேரம் பேசினால் மட்டும் போச்சு. ஒருமுறை அவளிடம் விலையைக் குறைக்கச் சொன்ன மனிதர், வீட்டுக்குப் போய்ச் சன்னலுக்குச் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டார். இன்றுவரை அந்த வீட்டில் செய்தித்தாள்தான்.

ஊரிலுள்ள சன்னலையெல்லாம் மூடியவளுக்கு ஒரு ஆசை பாக்கி இருந்தது. நாடக மேடைத் திரை. சன்னல் திரையை யார் நின்று பார்க்கிறார்கள்? மேடைத் திரை அசைந்தால் ஒரு கூட்டமே பேச்சை நிறுத்தும். அந்த அமைதி தன் கையால் நடக்க வேண்டும் என்று நெடுநாளாய் நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். தெருக்கோடியில் புது நாடக அரங்கு எழும்பியபோது அவளுக்குத் தூக்கம் போனது. தையல்காரர்களின் இணையப் பக்கங்களைப் பார்த்து, பிடித்தவர்களை மட்டும் மாதிரித் துணியோடு வரச்சொல்வதாக அரங்கின் மேலாளர் அறிவித்திருந்தார்.

ஊசிக்கு இணையப் பக்கம் இருந்தது. எதிர்வரிசையில் கடை போட்டிருந்த ஓரகத்திக்கும் இருந்தது.

ஓரகத்தி என்றால் கொழுந்தன் மனைவி. தெரு அவளை வெல்லக்கட்டி என்றது. பேச்சு அப்படி இனிக்கும். பேசி முடித்து அவள் போனபிறகுதான் நம் கையிலிருந்தது எங்கே போனது என்று தேடுவோம். ஒரு காலத்தில் இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், ஒரே மாமியாருக்குப் பயந்து வாழ்ந்தவர்கள். மாமியார் வீட்டுச் சாவிகளையெல்லாம் இடுப்பில் கோத்துக்கொண்டு நடப்பார். சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு. கலகலவென்ற சத்தம் கேட்டதும், "சாவிக்கொத்து வருது" என்று ஒருத்தி முணுமுணுப்பாள், மற்றவள் வாயிலிருந்ததை விழுங்குவாள். அந்தப் பெயர் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். மாமியார் கண்மூடியபின் வீடு இரண்டாயிற்று, சிரிப்பும் அதோடு முடிந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் இன்னும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். அவர்களை யார் கணக்கில் எடுக்கிறார்கள்.

ஊசியின் கணினியில் வைரஸ் தடுப்பு ஒன்று இருந்தது. சில நாட்களாக, அவள் தன் பக்கத்தைத் திறந்தால் போதும், சிவப்பாக ஒரு கட்டம் எழும்பிக் கத்தியது. ஊசிக்குப் புத்தி சொல்லிப் பிழைத்தவர் கிடையாது. புகை வந்தால் அலறும் கருவியையே தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி வைத்தவள் அவள். "என் கடைக்கு நான் போறதுக்கு உன்னைக் கேக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, "இனி காட்டாதே" என்ற பொத்தானை அழுத்தினாள். கட்டம் வாயை மூடிக்கொண்டது.

அவள் கணினியில்தான் மூடிக்கொண்டது. மற்றவர்கள் கணினியில் கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்துக்கடைப் பொத்தான் வியாபாரிதான் சேதி கொண்டுவந்தார். மேலாளர் ஊசியின் பக்கத்தைத் திறந்தாராம், திரை முழுக்கச் சிவப்பு, கடைப் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில், "இந்தப் பக்கம் வருவது ஆபத்து. உடனே திரும்பிச் செல்லவும்." மனிதர் அதை ஊசியே எழுதியதென்று நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார்? அரங்கின் நாற்காலி மெத்தைகளை அவள் தைத்தபோது பேரம் பேசி, நேரிலேயே ஏறக்குறைய இதே வார்த்தைகளை வாங்கிக்கொண்டவர்.

ஊசி கணினியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் ஓடினாள். அவர் ஊர்க் கணினிகளின் வைரஸையெல்லாம் விரட்டுவார். தன் மூக்கிலிருப்பதை மட்டும் விரட்டத் தெரியாது. தும்மலுக்கு நடுவே தேடிப்பார்த்துவிட்டுச் சொன்னார்: 'விலை கேட்க' என்ற பொத்தானுக்குள் யாரோ ஒரு வரியைச் செருகியிருக்கிறார்கள். அழுத்துகிறவர்களை அது நச்சு நிரல் இருக்கும் வேறொரு பக்கத்துக்கு இழுத்துப் போகிறது. தடுப்பு அதைத்தான் கண்டுபிடித்துக் கத்துகிறது. பூட்டை உடைத்த தடயம் இல்லை. கடவுச்சொல்லைப் போட்டு, வாசல் வழியாகவே வந்திருக்கிறார்கள்.

"கடவுச்சொல் என்னம்மா?"

"சாவிக்கொத்து."

"சாவிக்கே சாவின்னு பேர் வெச்சிருக்கீங்களே," என்று சிரித்துத் தும்மினார். "வேற யாருக்குத் தெரியும்?"

உலகத்தில் அந்தச் சொல் தெரிந்த இன்னொரு ஜீவன் எதிர்வரிசையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கோபத்தைவிட ஒரு குளிர்ச்சிதான் வந்தது. தொழிலைக் கெடுத்ததைக்கூட மன்னித்திருப்பாள். இருவரும் சேர்ந்து ஒளிந்து சிரித்த சொல்லாலேயே கதவைத் திறந்திருக்கிறாளே, அதை எப்படி மன்னிப்பது?

பழுதுபார்ப்பவர் அந்த வரியை எடுத்துப்போட்டார். பக்கம் சுத்தமாகிவிட்டது, மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று தடுப்பு நிறுவனத்துக்கு எழுதினார். சிவப்பு இறங்கச் சில நாள் பிடிக்குமாம். கடவுச்சொல்லை இப்போதே மாற்றுங்கள் என்றார்.

"அது இருக்கட்டும் தம்பி. மெதுவா மாத்திக்கலாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வந்த தும்மல் பாதியில் நின்றுவிட்டது.

அன்று ஊசி தன் பக்கத்துக்குள்ளேயே, வெளியார் கண்ணில் படாத ஓர் இடத்தில், நினைவுக்குறிப்புபோல் எழுதி வைத்தாள்: மேலாளர் காதோடு சொன்னது. அவருக்குக் குஞ்சம் என்றால் உயிர். அடியில் குஞ்சம், ஓரத்தில் குஞ்சம், நடுவிலும் குஞ்சம். குஞ்சம் தொங்காத திரையைத் திரை என்றே சொல்லமாட்டாராம்.

உண்மை என்னவென்றால், அந்த மனிதருக்குக் குஞ்சத்தைக் கண்டால் உடம்பெல்லாம் பதறும். முன்பு அவர் வேலை பார்த்த அரங்கில், கதாநாயகன் மேடையில் உயிரை விட்டுக்கொண்டிருந்த உருக்கமான கட்டத்தில், திரையிலிருந்து ஒரு குஞ்சம் அறுந்து நேரே அவன் திறந்த வாய்க்குள் விழுந்தது. செத்தவன் எழுந்து உட்கார்ந்து இருமினான். அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரை இரண்டு விரல் எழும்பி இறங்கியதாகச் சொல்வார்கள். நாற்காலி மெத்தைகளிலிருந்த குஞ்சங்களை வெட்டச் சொன்னபோது அவரே ஊசியிடம் புலம்பிய கதை இது.

மாதிரி காட்டும் நாள் வந்தது. ஊசியை யாரும் கூப்பிடவில்லை; கூப்பிடாத இடத்துக்குப் போக அவள் வெட்கப்படுகிறவளும் இல்லை. கருஞ்சிவப்பு வெல்வெட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெல்லக்கட்டி மேடையேறி மாதிரியை விரித்தாள். அதில் துணி எது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை குஞ்சம். நடந்தால் குதிரை வண்டி போவதுபோல் ஆடியது.

மேலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "இது என்னம்மா?"

"உங்களுக்குப் பிடிச்சதுதான் சார்," என்று வெல்லம் உருகியது. "குஞ்சம் இல்லாதது திரையே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நானா? யார்கிட்ட சொன்னேன்?"

வெல்லக்கட்டியின் கண் தானாகக் கடைசி வரிசைக்குப் போயிற்று. ஊசி அவசரப்படாமல் எழுந்தாள்.

"சொல்லு சின்னவளே, எங்க படிச்ச? அது நான் பூட்டி வெச்சு எழுதினதாச்சே. சாவிக்கொத்து இல்லாம யாரும் உள்ள வர முடியாதே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சின்னவள் வாயிலிருந்ததை விழுங்கினாள். பழைய அடுப்படிப் பழக்கம்.

"அக்கா..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. வெல்லக்கட்டி பேச்சில்லாமல் நின்றதை ஊர் அன்றுதான் பார்த்தது.

பொத்தானுக்குள் செருகிய வரியைப் பற்றி ஊசி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். குரலை உயர்த்தவில்லை; அவள் உயர்த்தாதபோதுதான் அதிகம் குத்தும். மேலாளர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அப்ப அந்தச் சிவப்பு எழுத்து நீங்க எழுதினது இல்லையா?"

"நான் எழுதியிருந்தா இவ்வளவு மரியாதையா எழுதியிருப்பேனா சார்?"

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கருஞ்சிவப்பு வெல்வெட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் மறுபக்கம் ஒரு துளி வரவில்லை. பேரம் பேசாமல் வேலையை அவளிடமே கொடுத்தார்.

முதல் நாடகத்தன்று திரை அசைந்தது, கூட்டம் பேச்சை நிறுத்தியது. ஊசி அந்த அமைதியைக் கண்ணை மூடிக்கொண்டு முழுசாக வாங்கிக்கொண்டாள். எதிர்வரிசைக் கடைக்காரியைத் தெரு இப்போது குஞ்சம் என்றுதான் கூப்பிடுகிறது.

ஊசி கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். வைரஸ் தடுப்பின் வாயையும் திறந்துவிட்டாள். பக்கத்தின் வாசலையும் காவல் காக்கும்படி பழுதுபார்ப்பவர் அதை அமைத்துக்கொடுத்திருக்கிறார். அது இப்போதும் அவ்வப்போது கத்துகிறது. கிருமி ஒன்றுமில்லை, யாரோ பழைய சொல்லைப் போட்டு உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்கிறது. அந்தச் சிவப்புக் கட்டம் எழும்பினால் ஊசி மிஷினை நிறுத்திவிட்டு, தேநீரோடு வந்து அதன் எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். சன்னல் வழியே எதிர்க்கடையில் ஒரு தலை கணினிமேல் குனிந்திருப்பது தெரியும்.

"தட்டு, தட்டு," என்பாள் மெதுவாக. "சாவிக்கொத்து செத்து எத்தனையோ காலமாச்சு."