பணம் முதலில் இறங்கிய இடம்

ஒரு நிதியாண்டில் என் மகள் நூற்றெண்பத்திரண்டு நாள் இந்தியாவில் தங்கிவிட்டால், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அவள் இங்கே வரி கட்ட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அவள் ஊருக்கு வந்தால் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை எறியாமல் சேர்த்து வைப்பேன். வந்த நாளும் ஒரு நாள், போகும் நாளும் ஒரு நாள். நூற்றறுபதைத் தாண்டினால் எனக்குச் சோறு இறங்காது.

அவள் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இணையதளம் வடிவமைக்கிறாள். வீட்டிலிருந்தபடியே வேலை, ஆனால் வீடு எதுவென்றுதான் சொல்ல முடியாது. தாய்லாந்தில் நான்கு மாதம், வியட்நாமில் மூன்று மாதம், பிறகு விசா எங்கே கிடைக்கிறதோ அங்கே. மீதி நாட்களுக்கு நாமக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆறாவது நாள் மகளை விமானம் ஏற்றினேன். இன்னும் பத்து நாள் இருக்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். நான் தாள்களை எண்ணிக் காட்டினேன். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிற வழியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார். “ஏனுங்க, ஊரெல்லாம் பொண்ணு வர்ற நாளை எண்ணும். நீங்க மட்டும் போற நாளை எண்ணுறீங்களே?” சட்டம் தெரியாதவரிடம் என்ன பேசுவது என்று வந்துவிட்டேன்.

அப்படி மொத்தம் ஐந்து வருஷம் ஓடின. இந்த வருஷம் அவள் திரும்பி வந்துவிடுவதாகச் சொன்னாள். நிரந்தரமாக. சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தாள். மீதி அவளுடைய சேமிப்பிலிருந்து. கிரயம் முடிக்கும் முன் வரிக் கணக்கை ஒருமுறை யாரிடமாவது காட்டிவிடுங்கள் என்றாள். அதற்காகத்தான் சேலத்தில் ஓர் ஆடிட்டரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கடவுச்சீட்டின் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம், வருஷவாரியாக நான் எழுதிய நாள் கணக்கு, மூன்றையும் மேசைமேல் வைத்தேன்.

நாள் கணக்கைப் பார்த்து, ஒரு தப்பும் இல்லை என்றாள். எனக்குச் சந்தோஷம். பிறகு கணக்குப் புத்தகத்தைப் புரட்டியவள் நிறுத்தினாள்.

“வெளிநாட்டுக் கம்பெனி போடற பணம் மொதல்ல எங்கீங்கய்யா வந்து எறங்குது?”

“நேரா நம்மூட்டுக்குத்தானுங்க. நாமக்கல்ல அவ பேர்ல நானே தொறந்த கணக்கு. இங்கிருந்துதான் அவ செலவுக்குப் போகும்.”

இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் காட்டில் கடலைக்காய் பிடுங்கினால் முதல் மூட்டை வீட்டுக்கு வரும். விளக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்ற மூட்டைகள் வண்டி ஏறும். நேராகச் சந்தைக்குப் போன விளைச்சல் தங்காது என்பார்கள். மகள் முதல் சம்பாத்தியம் வாங்கியபோது, அங்கேயே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறேன் என்றாள். முதலில் வீட்டுக்கு வரட்டும் சாமி என்று நான்தான் சொன்னேன். அவள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

ஆடிட்டர் பேனாவை மூடி வைத்தாள். வெளிநாட்டில் வசிப்பவர் ஆனாலும் வருமானம் முதன்முதலாக இந்தியாவில் கைக்கு வந்தால் அதற்கு இங்கே வரி உண்டு என்றாள். அங்கே ஒரு கணக்கில் வாங்கிவிட்டுப் பிறகு இங்கே அனுப்பியிருந்தால் கதை வேறு.

“ரெண்டும் அதே பணந்தானுங்களே” என்றேன்.

“பணம் அதேதானுங்கய்யா. எறங்குன எடந்தான் வேற.”

வேறு நாட்டில் வரி கட்டிய சான்று இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்றாள். எந்த நாடு கொடுக்கும்? எந்த நாட்டிலும் அவள் அவ்வளவு நாள் தங்கவில்லை. ஐந்து வருஷத்துக்கும் ஒரு கணக்கும் தாக்கல் செய்யவில்லை. செய்ய வேண்டாம் என்றவனும் நான்தான். வரி, வட்டி, தாமதத்துக்கான கட்டணம் எல்லாம் கூட்டித் தொகையைச் சொன்னாள். வீட்டுக்கு வைத்திருந்த பணத்தில் முக்கால்வாசி.  எந்த மாடிப்படியையும் எண்ணியே இறங்குகிறவன் அன்று எண்ணவில்லை. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நடந்ததை மனைவியிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். முழங்காலைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் ஒன்றுதான் கேட்டாள். “அப்ப அன்னைக்கு அவ பத்து நாள் இருந்திருந்தாலும் இதே வரிதானுங்களா?”

நூற்றெண்பத்திரண்டைத் தாண்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே வரிதான். 

அன்று சாயங்காலமே, மனைவிக்கும் கேட்கும்படி, மகளைப் போனில் கூப்பிட்டேன். ஆடிட்டர் சொன்னதை முழுக்கச் சொல்லி, இரண்டு வழி இருக்கிறது என்றேன். பழைய வரியைக் கட்டிவிட்டு, இனி பணத்தை வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிக்கொண்டு, இன்னும் மூன்று நான்கு வருஷம் நாள் பார்த்து வந்துபோனால் மறுபடியும் ஒரு வீட்டுக்குச் சேர்த்துவிடலாம். இல்லாவிட்டால் இப்போதே வந்து, வருஷாவருஷம் இங்கே வரி கட்டலாம். ஆனால் கொண்டப்பநாயக்கன்பட்டி வீடு கிடையாது, முன்பணமும் வராது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள். 

“அந்த ஊடு இல்லாட்டிப் போகுதுங்கப்பா. நம்மூட்டுல நான் எத்தன நாளைக்கு இருக்கலாமுங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. ஐந்து வருஷமாக என்னிடம் கேட்டுப் பழகிய கேள்வியைத்தான் கேட்டாள்.  மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, “நீ வா சாமி” என்றாள்.

ஐப்பசியில் வருகிறாள். காலண்டர் தாளைக் கிழிக்கும் வேலையை இப்போது மனைவி எடுத்துக்கொண்டாள். கிழித்ததும் கசக்கி அடுப்பில் போட்டுவிடுகிறாள்.