வெள்ளிக்கிழமை வந்த நெருப்பு

முந்தாநாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மேலகரத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று, "உலகம்மா ஆச்சி தவறிட்டாவ" என்றார். கல்லில் கிடந்த தோசை கருகுகிற வரைக்கும் நான் அசையவில்லை.

உலகம்மாள் மதினி எனக்கு ரத்த உறவு அல்ல. நான் கல்யாணமாகி மேலகரம் போனபோது அடுத்த வீட்டில் இருந்தவர்கள், அவ்வளவுதான்.

பங்குனி வெயிலில் எங்கள் தெருவே வறட்டி தட்டும். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஒன்றும் காயாது. ஆடி ஆவணிக்கு வேண்டியதை அப்போதே காயவைத்து அடுக்கிவிட வேண்டும். நான் முதன்முதல் தட்டியதைப் பார்த்து மதினி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏட்டி கோமு, இது வறட்டியா ஆப்பமா? ஓரமெல்லாம் பிஞ்சு தொங்குது. உமியச் சேத்துப் பிசைட்டி" என்றார்கள். வாய் அப்படி, கை எனக்கும் சேர்த்துத் தட்டிவிட்டுத்தான் ஓயும்.

என் மூத்த மகள் ஆடியில், எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பூனைக்குட்டி அளவுதான் இருந்தாள், அழுகையும் அவ்வளவுதான் வந்தது. "அனல் குறையாமப் பாத்துக்கோ. புகை மட்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள் மருத்துவச்சி. வறட்டி கனிந்து தணலானதும் சட்டியில் அள்ளித் தொட்டிலருகே வைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அடித்த காற்றில் கூரை ஓடு நகர்ந்து, அடுக்கியிருந்த வறட்டியெல்லாம் நனைந்து மறுபடியும் சாணியாகிவிட்டது. அடுப்பு அணைந்தது. தீப்பெட்டியும் நமுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் சீசன் சமையலுக்குப் போயிருந்தார். பிள்ளையின் கால் ஜில்லிட்டது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள். வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். வெட்கத்தை விட்டு மதினி வீட்டு வாசலில் நின்றேன். "விடிஞ்சு வா" என்றார் அவர்களுடைய மாமியார். அதற்குள் மதினி ஓட்டுத் துண்டில் தணலோடும் கொஞ்சம் வறட்டியோடும் வந்துவிட்டார்கள். "பச்சப்பிள்ள குளிருல கெடக்கப்போ எந்த லச்சுமி இங்கன உக்காந்திருப்பா அத்தை?" என்று கேட்டார்கள்.

அந்த வாரமே ஊரில் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. தாய்வீடான பண்பொழியிலிருந்து மதினி ஓட்டிவந்த பசு செத்துப்போயிற்று. தெருவில் வேறு மாடுகளும்தான் செத்தன, யார் கேட்டார்கள்? "நெருப்பக் குடுத்தா, லச்சுமி போயிட்டா" என்று மாமியார் ஊர் கேட்க அழுதார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை. மதினி கொடுத்து, நான் கிள்ளிக் கிள்ளிப் போட்ட வறட்டியும் தீர்ந்து, தணல் சாம்பலாகிக்கொண்டிருந்தது. விளக்கு வைத்த நேரத்தில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மதினி வந்தார்கள். ஒரு கையில் தணல் ஓடு. இடுப்பில் கூடை நிறைய வறட்டி.

"நீ கேக்க மாட்டன்னு தெரியும். வீட்ல இருந்ததெல்லாம் இதுதான்."

"மாடும் இல்லையே மதினி, உங்க அடுப்புக்கு?"

"ஈர வெறக வச்சு ஊதிக்கிடுதோம். எங்களுக்குப் புகை ஆகும்லா."

சாரல் முடிகிற வரைக்கும் மதினியின் கண் சிவந்தே இருந்தது. கேட்டால், "தூக்கமில்லட்டி" என்பார்கள்.

நேற்று மதினியை எடுக்கும் முன், என் மூத்த மகள் அவர்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நன்றி என்று சொல்ல மதினி ஒருநாளும் விட்டதில்லை, சொன்னால் ஏசுவார்கள். ஏசுவதற்கு இன்று ஆளில்லை. நன்றி, மதினி. ஈர விறகில் உங்கள் வீட்டுக் கூரை ஓடெல்லாம் புகைந்துகொண்டிருந்த அந்த ஆடியில்தான் இவள் முதன்முதலாகத் தெரு கேட்க வீறிட்டு அழுதாள். அடுப்பை விட்டுவிட்டுச் சிவந்த கண்ணோடு ஓடிவந்து, சிரித்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். அந்த முகத்தோடேயே நிம்மதியாகப் போங்கள்.