பொறுத்துக்கிட்டேன் என்ற ஒரு சொல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன் நான். ஊரில் ஒருவர் விடாமல் கேலி பேசித் திரிகிறவன். "உங்கண்ணனைப் பத்தி நீ எழுதலேன்னா நினைவு மலரே அச்சடிக்க வேணாம்" என்று அண்ணி சொல்லிவிட்டதால் உட்கார்ந்தேன்.

அண்ணன் முல்லா வீதியில் பிறந்தார். அத்தா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு நாலு. அன்றிலிருந்து ரொட்டிக்கடை அடுப்பும் நாங்களும் அவர் பொறுப்பு. முழங்கை வரை தீக்காயத் தழும்புகள். பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறிய பிறகு நீள ரொட்டி வாங்க ஆள் குறைந்தது. முத்தியால்பேட்டை வரை சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். பசி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

என்னை ஒரே ஒரு தடவைதான் அடித்தார். வாடிக்கைக்காரர் ஒருவருடைய மூக்கையும் மீசையையும் மாவில் செய்து, ரொட்டியாகச் சுட்டு, அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது கன்னத்தில் விழுந்தது.

சென்ற வருஷம் ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன், வழக்கப்படி, அண்ணன் வீடு வீடாகப் போய், செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரிடமும் கேட்டார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு நாலு பேரு எதிர்ல உன்னை அடிச்சுட்டேன். பொறுத்துக்கடா தம்பி."

சுற்றிலும் சொந்தக்காரர்கள். என் வாய் சும்மா இருக்குமா?

"அதெப்படிண்ணே? ஹாஜியாரா திரும்பி வாங்க. நீங்க கொண்டாற பேரீச்சம்பழத்தைத் தின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. அன்றே பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார்.

அரஃபா நாள் வந்தது. ஹாஜிகள் மக்காவுக்குப் பக்கத்திலுள்ள அரஃபாத் மைதானத்தில் நின்று பாவமன்னிப்புக் கேட்கும் நாள். இங்கே நாங்கள் நோன்பு வைத்தோம். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஹஜ்ரத் பேசினார்: "அல்லாவுக்குச் செஞ்ச தப்பை அல்லா மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சதை அந்த மனுசன்தாம்ப்பா பொறுக்கணும்."

அண்ணன் அங்கே கையேந்தி நிற்கிறார். என்னுடைய ஒரு சொல் இல்லாமல் நிற்கிறார். தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

"விலாசம் சொல்லு" என்றார் குமாஸ்தா.

"அரஃபாத் மைதானம் சார்."

"எந்தக் கூடாரம்ப்பா?"

எனக்குத் தெரியவில்லை. நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ள, கடற்கரைக்கு ஓடி, "பொறுத்துக்கிட்டேண்ணே!" என்று கத்தினேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த என் சிநேகிதன் கோவிந்தன், குருசுக்குப்பத்துக்காரன், ஓடி வந்தான்.

"டேய், இது கிழக்குடா. உங்க மக்கா அந்தாண்ட இருக்கு" என்று தோளைப் பிடித்துத் திருப்பினான்.

மேற்கே பார்த்து மூன்று தடவை கத்தினேன். பொழுது சாய்வதற்குள் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பில்தான் நோன்பு திறந்தேன்.

சில நாளில் தந்தி வந்தது. அண்ணன் காலமாகிவிட்டார்.

மற்றதெல்லாம் அண்ணனோடு போன ஹாஜியார் திரும்பி வந்த பிறகே தெரிந்தது. அங்கே பிறை எங்களுக்கு ஒரு நாள் முந்தித் தெரிந்திருக்கிறது. நான் கத்தியது அவர்களுடைய அரஃபாவுக்கு மறுநாள். அந்த வெயிலில் பிடித்த காய்ச்சலோடு, ஹாஜிகள் அடுத்துப் போய்த் தங்கும் மினாவில் கிடந்த அண்ணன், அந்த மறுநாள் நண்பகலுக்கு முன்பே அடங்கிவிட்டார். நான் கடற்கரைக்குப் போனபோது கேட்பதற்கு அவர் இல்லை.

"மைதானத்துல நின்னு ஊர்ல இருக்கறவங்க பேரையெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லி துஆ கேட்டாரு" என்றார் ஹாஜியார். "உன் பேரு வந்ததும் நிறுத்திட்டு சிரிச்சாருப்பா. ஏன்னு கேக்கறதுக்குள்ள அழுதுட்டாரு."

அந்தச் சிரிப்பையும் அழுகையையும் நினைத்து ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். மறுமையில் அண்ணன் என் எதிரே வந்து, "இன்னும் சொல்லலையேடா" என்று கேட்டால் என்ன செய்வேன்?

அண்ணனைக் குளிப்பாட்டி அடக்கம் செய்த ஹாஜியாருக்கும், அண்ணி வெளியே போகாமல் இத்தா இருந்து துக்கம் காத்த நாட்களில் சோறு கொண்டுவந்த வீதிக்காரர்களுக்கும், அன்று என்னைப் பார்த்துச் சிரிக்காத தந்தி குமாஸ்தாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் மேல் உங்களுக்கு ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குக்கூட வேறு பதில் சொல்லிவிடாதீர்கள்.

எழுதியதைக் கோவிந்தனுக்குப் படித்துக் காட்டி, "பிந்திச் சொன்னது போய்ச் சேந்திருக்குமாடா?" என்று கேட்டேன்.

"உன் வாயைப் பத்தி உங்கண்ணனுக்குத் தெரியாதாடா?" என்றான்.